ஆதிரை என்னும் திருப்பெயர்

மார்கழித் திங்களில் ஆருத்திரா தரிசனம் காண வைகறையிலேயே திருக்கோயிலில் கூடுகின்றோம். அந்நன்னாளுக்குப் பெயர் தந்த விண்மீனை நாம் நிமிர்ந்து நோக்குவதோ அரிது. அத்திங்களின் முன்னிரவில் கீழ்வானத்தே செந்நிறமாய்ச் சுடரும் பெருமீனே திருவாதிரை என்பர் வானநூலார்.

வடமொழியில் இதன் பெயர் ஆர்த்திரா. ஈரமுடையது என்பது அதன் பொருள். வேத நூல்கள் உருத்திரனை இம்மீனுக்குத் தெய்வமாக வகுத்தன. அச்சொல் தமிழில் ஆதிரையாயிற்று. கலித்தொகையிலேயே சிவபெருமான் 'ஆதிரையான்' எனப் பெயர் பெறுகின்றார். இருபத்தேழு நாண்மீன்களுள் 'திரு' என்னும் அடைபெற்று வழங்குவன ஆதிரையும் ஓணமுமே. ஏழாம் நூற்றாண்டில் திருவாரூர்த் திருவாதிரை விழாவைக் கண்டு மகிழ்ந்த அப்பரடிகள், திருப்புகலூரில் ஞானசம்பந்தர் வினவியபோது அதன் சிறப்பைத் திருப்பதிகமாகவே விடையிறுத்தார் என்று பெரியபுராணம் கூறும்.

இதே மீனை அரபு நாட்டு வானநூலார் 'யத் அல் ஜவ்ஸா' என்றனர். ஜவ்ஸா என்னும் விண்ணுருவின் கை என்பது பொருள். அரபு எழுத்தில் சொல்லின் முதலில் வரும் யகரத்திற்குக் கீழே இரு புள்ளிகள், பகரத்திற்கு ஒன்றே. பதின்மூன்றாம் நூற்றாண்டில் இலத்தீனுக்குப் பெயர்த்தோர் யகரத்தைப் பகரமாகக் கொண்டனர். அப்பிழையினின்று பிறந்ததே இன்று உலகோர் வழங்கும் 'பெட்டல்ஜூஸ்'. பொருள் விளங்காத பிற்காலத்தார் அதற்கு 'அக்குள்' என்றும் உரை கண்டனர். ஏட்டை மட்டும் நம்பிய பெயர் ஒரு புள்ளியால் பொருளிழந்தது. நம் முன்னோரோ ஆதிரையை விழாவிலும் நோன்பிலும் களியிலும் பிணைத்து வைத்தனர். ஆதலின் ஏடறியாதவர் நாவிலும் அது சிதையாது நின்றது.

2019-ஆம் ஆண்டின் இறுதியில் இம்மீன் மங்கத் தொடங்கி, 2020 பிப்ரவரியில் வழக்கமான ஒளியில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்காகக் குறைந்தது. வெடித்து அழியுமோ என்று உலகம் வியந்து நோக்கியது. சில திங்களில் ஒளி மீண்டது. மீனே உமிழ்ந்த பொருள் குளிர்ந்து தூசுப்படலமாகி அதனை மறைத்தது என்று பின்னர் அறிஞர் கண்டனர். எனினும் ஒருநாள் இச்செம்மீன் வெடித்தே தீரும் என்பது அவர்தம் துணிபு.

தோன்றியது ஒடுங்கும் என்பது நம் சித்தாந்தம். மீன் ஒடுங்கினும் அதன் பெயரால் நாம் போற்றும் பெருமானுக்கு ஒடுக்கமில்லை. பள்ளியில் பெட்டல்ஜூஸ் என்று கற்கும் நம் மக்களுக்கு இவ்வாண்டு அம்மீனைச் சுட்டிக்காட்டி, 'இதுவே திருவாதிரை' என்று சொல்லிக்கொடுப்போமாக.

திருச்சிற்றம்பலம்.