2000 வருஷம் காத்திருந்த பேரீச்சங்கொட்டை

பேரீச்சம்பழம் சாப்பிட்டுட்டு கொட்டையைத் துப்பிடுவோம். இன்னைக்கு எபிசோட் அந்தக் கொட்டையைப் பற்றித்தான்.

சாக்கடல் ஓரத்தில், பாலைவனத்துக்கு நடுவில் மசாடா என்று ஒரு மலைக்கோட்டை இருக்கு. ஏரோது மன்னன் கட்டிய அரண்மனை. கி.பி. 73 அல்லது 74-ல் ரோமானியப் படை முற்றுகையிட்டுப் பிடித்தது. 1963 முதல் 1965 வரை இகேல் யாடின் என்ற தொல்லியலாளர் அங்கே அகழாய்வு செய்தார். கிடைத்த பொருட்களில் கொஞ்சம் பேரீச்சங்கொட்டைகளும் இருந்தன. அவை சாதாரண அறை வெப்பநிலையிலேயே 40 வருஷம் பத்திரமாகக் கிடந்தன.

யூதேயா நாட்டுப் பேரீச்சை ஒரு காலத்தில் பெரிய பிராண்ட். ரோமானிய எழுத்தாளர் பிளினி அதைப் பற்றி எழுதியிருக்கார். யூதேயாவை ஜெயித்ததைக் கொண்டாட ரோம் வெளியிட்ட காசிலேயே பேரீச்சை மரமும், அதன் கீழே அழுதபடி உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணும்தான் சின்னம். ஆனா 19ஆம் நூற்றாண்டு வந்தப்போ அந்தப் பழைய தோப்புகளின் சுவடே இல்லை.

அவ்வளவு பிரபலமான மரம் எப்படிக் காணாமப் போகும்? இதைப் புரிஞ்சுக்க, பேரீச்சை விவசாயம் எப்படி நடக்குதுன்னு தெரியணும். நல்ல பழம் வேணும்னா யாரும் கொட்டை போட மாட்டாங்க. தாய்மரத்தின் அடியில் வரும் பக்கக்கன்றைப் பிரித்து நடுவாங்க. அது அப்படியே காப்பி-பேஸ்ட். கொட்டை அப்படி இல்லை. அப்பா, அம்மா ரெண்டு பேர் மரபணுவும் கலந்த புது வெர்ஷன். ஆண் மரமா வர்றதுக்கும் பாதி வாய்ப்பு உண்டு. ஆண் மரம் காய்க்காது.

உதாரணத்துக்கு மெட்ஜூல். 1927-ல் மொராக்கோவில் நோய் பரவியபோது 11 பக்கக்கன்றுகளை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனாங்க. 9 பிழைத்தன. அதிலிருந்து பெருகித்தான் கலிஃபோர்னியாவின் மெட்ஜூல் தோப்புகள் உருவாச்சு. பிறகு அங்கிருந்து மெட்ஜூல் இஸ்ரேலுக்கும் போச்சு. அதாவது, ஒரு ரகம் உயிரோட இருக்கணும்னா ஒவ்வொரு தலைமுறையிலும் ஒரு மனுஷன் கன்றைப் பிரித்து, நட்டு, தண்ணி ஊத்தணும். யூதேயாவில் அந்தச் சங்கிலி அறுந்துபோச்சு. மிச்சம் இருந்தது கொட்டை மட்டும்தான்.

டாக்டர் சாரா சாலன், பழைய மருத்துவத் தாவரங்களை ஆராய்பவர். மசாடாவில் கிடைத்த கொட்டைகளில் சிலதைக் கேட்டு வாங்கினார். கிபுட்ஸ் கெட்டுராவில் இருந்த எலேன் சொலோவே அவற்றை வெந்நீரில் ஊறவைத்தார். பிறகு வளர்ச்சி ஹார்மோனிலும் கடல்பாசி உரத்திலும் போட்டு, 2005 ஜனவரியில் 3 கொட்டைகளை விதைத்தார். மார்ச்சில் ஒன்று முளைத்தது! முதல் இலைகள் வெளிறிப்போய் வந்தன. பிறகு சரியாச்சு. வேரில் ஒட்டியிருந்த ஓட்டுத் துண்டுகளை கார்பன் சோதனை செய்ததில் வயசு ஏறக்குறைய 2000 வருஷம்னு தெரிஞ்சது. பைபிளில் ரொம்ப நாள் வாழ்ந்தவர் பேரையே வெச்சாங்க: மெத்தூசலா.

2011-ல் பூ விட்டது. பார்த்தா, ஆண் மரம்! இனி ஜோடி வேணும். மசாடா, கும்ரான் மாதிரி இடங்களில் கிடைத்த இன்னும் 32 கொட்டைகளை விதைத்தாங்க. 6 முளைத்தன. அதில் ஹன்னா என்ற பெண் மரத்துக்கு மெத்தூசலாவின் மகரந்தத்தைத் தூவினாங்க. 2020-ல் 111 பழங்கள் கிடைத்தன.

இது பிளினி எழுதிய அதே பழமா? இல்லை. அந்த விவசாயிகள் காப்பாற்றி வந்த ரகம் போனது போனதுதான். திரும்பி வந்தது அதன் மரபணுவில் ஒரு பங்கு. விதை ஒரு தாவரத்தைத் திருப்பித் தரும். ஒரு விவசாய மரபைத் திருப்பித் தராது. நம்ம ஊர் நாட்டு ரகங்களுக்கும் இந்தக் கணக்கை யோசிச்சுப் பாருங்க.

வீட்டில் முயற்சி பண்ணணுமா? சதையைச் சுத்தமாகக் கழுவி, ரெண்டு நாள் ஊறவைத்து, ஈரமான டிஷ்யூவில் சுற்றி, ஜிப் கவரில் போட்டு வெதுவெதுப்பான இடத்தில் வைங்க. சில வாரத்தில் வெள்ளையா ஒரு தண்டு கீழ்நோக்கி இறங்கும். மண்ணில் வெச்ச பிறகும் மேலே ஒண்ணுமே தெரியாது. அப்போ தூக்கிப் போட்டுடாதீங்க. பனங்கொட்டையும் இப்படித்தான் முதலில் கீழே இறங்கும். அதைத் தோண்டித்தான் பனங்கிழங்கு எடுக்கிறோம். இலை அப்புறம்தான் வரும்.

பால்கனித் தொட்டியில் பழம் எதிர்பார்க்காதீங்க. ஒரு பச்சை இலைக்கு உத்தரவாதம் இல்லைன்னாலும் நல்ல வாய்ப்பு இருக்கு. முளைச்சா கமெண்ட்ல சொல்லுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்!