நிறமூர்த்தமும் ஜேர்மானியச் சாயமும்: ஒரு சொல்லின் ஆய்வுகூட வரலாறு

ஈழத்துப் பாடநூல்களில் குரோமோசோம் 'நிறமூர்த்தம்' எனப்படுகிறது. தமிழகத்தில் 'நிறப்புரி' என்னும் சொல்லும் வழங்குகிறது. இயல்பில் நிறமற்ற ஒரு பொருளுக்கு நிறத்தை முன்னிறுத்திய பெயர் தகுமா என்னும் வினா எழுவது இயல்பே. இதற்கான விடை ஜேர்மனியின் ஆய்வுகூடங்களில் உள்ளது.

கீல் நகரில் வால்தர் ஃபிளெமிங், சலமாந்தர் இளவுயிரிகளின் கலங்களுக்குச் சாயமூட்டி, கலப்பிரிவின் படிநிலைகளை 1882-இல் நூலாக்கினார். சாயத்தை ஈர்த்த அவ்விழைகளுக்கு, 1888-இல் பேர்லினின் வால்டயர், நிறம், உடல் எனப் பொருள்படும் கிரேக்கச் சொற்களால் பெயரிட்டார். தமிழ்ச்சொல் அதன் நேர்வழித் தோன்றலே.

1950-களின் இறுதியில் அமெரிக்கரான டெய்லர், கதிரியக்கத் தைமிடினைக் கொண்டு, இரட்டிப்புற்ற நிறமூர்த்தத்தின் சகோதர இழைகள் தம்முள் துண்டுகளை மாற்றிக்கொள்வதைத் தாவரங்களில் காட்டினார். அம்முறை மெதுவானது, தெளிவும் குறைந்தது. பின்னர் தைமிடினுக்குப் பதிலாகப் புரோமோடீஒட்சியூரிடீன் புகுத்தப்பட்டது. இரு இரட்டிப்புகளின்பின் ஓர் இழையில் டி.என்.ஏ.யின் ஒரு புரியும், மற்றதில் இரு புரிகளும் புரோமினேற்றப்பட்டிருக்கும். இவ்வேறுபாட்டை 1973-இல் லாட் கண்டது, ஹெக்ஸ்ட் நிறுவனத்தின் 33258 என்னும் ஒளிர்சாயத்தால். மறு ஆண்டில் பெரியும் வுல்ஃபும் அதனுடன் கீம்சா சாயத்தை இணைத்தனர். ஓரிழை கருத்தும் மற்றது வெளிறியும் நிலைத்தன. அச்சாயம், மலேரியா ஒட்டுண்ணியைக் காணும்பொருட்டு ஹம்பர்க்கில் குஸ்தாவ் கீம்சா 1904-இல் வெளியிட்டது.

கலவளர்ப்பு மட்டும் போதாமைக்குச் சான்றும் ஜேர்மனியிலேயே உண்டு. அங்கு அஸ்டா நிறுவனத்தில் உருவாகி 1958-இல் அறிவிக்கப்பட்ட சைக்கிளோபொஸ்பமைட்டு என்னும் புற்றுநோய் மருந்து, ஈரலில் மாற்றமுற்ற பின்னரே டி.என்.ஏ.யைத் தாக்கும். ஈரலின் நொதியங்கள் இல்லாத வளர்ப்பில் அதன் தீங்கு மறைந்திருக்கும். எனவே 1976-இல் ஃபோகலும் பௌக்னெக்டும் உயிருள்ள விலங்கிலேயே இழைகளை வேறுபடுத்தி நிறமூட்டி, மரபுத்தீங்கைச் சோதிக்கும் முறையை முன்வைத்தனர். ஆயின் விலங்குடல் புரோமோடீஒட்சியூரிடீனை விரைவில் சிதைத்துவிடும். ஆதலால் அதை அடுத்தடுத்து ஊசியேற்றுதல், தொடர்ந்து நாளத்தினூடு செலுத்துதல், தோலின்கீழ் மாத்திரையாகப் பதித்தல் ஆகிய வழிகள் கையாளப்பட்டன. பின் கொல்சிசீனால் கலப்பிரிவை நிறுத்தி, என்புமச்சைக் கலங்களில் பரிமாற்றங்கள் எண்ணப்பட்டன.

மலேரியாவுக்கென அமைந்த சாயமே, மருந்தின் மறைந்த தீங்கையும் எண்ணத்தக்கதாக்கிற்று. 'நிறம்' அப்பொருளின் இயல்பைக் குறிப்பதன்று. அதை மனிதர் கண்டறிந்த வழியைக் குறிப்பது. கலைச்சொற்களைச் சீர்திருத்துவோர் அவ்வரலாற்றை அறிந்தபின்னரே அச்சொல்லின் தகுதியை எடைபோடுதல் வேண்டும்.