கடல் கடந்த தேறல்

புஜைராவிலிருந்து கரையோரமாக வடக்கே போனால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் திப்பா வரும். ஒரு குடாவும் அதைச் சுற்றிய ஓர் ஊரும்தான் திப்பா. ஆனால் அந்த ஓர் ஊர் மூன்று ஆட்சிகளுக்குள் பிரிந்து கிடக்கிறது. ஒரு பகுதி புஜைராவுக்கு, ஒரு பகுதி சார்ஜாவுக்கு, மற்றது ஓமானுக்கு. சார்ஜாவில் மதுவுக்கு முழுத் தடை. புஜைராவில் அனுமதி பெற்ற ஹொட்டேல்களில் பரிமாறலாம். வேடிக்கை என்னவென்றால், இந்தக் கரையில் வைன் வந்திறங்கியதற்கான மிகப் பழைய சாட்சிகளில் ஒன்று, தடையுள்ள பக்கத்து மண்ணுக்குள்தான் கிடந்தது. திப்பா அல் ஹிஸ்னில் 2004ஆம் ஆண்டு தொடங்கிய அகழ்வில் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுப் பழைமையான குடியிருப்பும் கல்லறையும் வெளிப்பட்டன. உரோமக் கண்ணாடி, மத்தியதரைக் கடற் பக்கத்துச் சாடிகளின் உடைவுகள், இந்தியாவிலிருந்து வந்த பொருட்கள் எல்லாம் அங்கே ஒன்றாகக் கிடைத்தன.

நான் தொல்லியல் படித்தவன் அல்லன். பல்கலைக்கழகத்தில் வரலாறு படிக்கத் தொடங்கி இடையில் விட்டு வெளிக்கிட்டவன். இங்கே எனக்கு அகதி என்ற பெயர் கிடையாது. ஐக்கிய அரபு அமீரகம் 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் சேராத நாடு. ஆகவே விசாத் தாளில் நான் உணவகத் தொழிலாளி மட்டுமே. அந்தத் தொழிலின் ஒரு பகுதி, வருடத்தில் சில தடவைகள் கூடுகிற ஒரு சிறு கூட்டத்துக்கு மேசை பார்ப்பது. கப்பல் துறையிலும் எண்ணெய்த் துறையிலும் வேலை செய்கிறவர்கள். பழைய சிவப்பு வைனை ஒன்றாக இருந்து சுவைத்துப் பார்ப்பதற்காகவே அவர்கள் இரவுச் சாப்பாட்டுக்கு வருவார்கள்.

பழைய சிவப்பு வைனுக்குப் பக்குவம் வேண்டும். வருடங்கள் போகப் போக நிறமும் துவர்ப்பும் சேர்ந்து மண்டியாக அடியில் இறங்கும். ஆகவே முதல் நாளே போத்தலை நிமிர்த்தி வைத்து மண்டியை அடியில் உறைய விடவேண்டும். மறுநாள் தக்கையை மெதுவாக எடுத்து, போத்தலின் கழுத்துக்குக் கீழே ஒரு விளக்கை வைத்துக்கொண்டு, கை நடுங்காமல் கண்ணாடிக் குடுவைக்குள் வார்க்கவேண்டும். கழுத்தில் கறுப்பு இழை தெரிந்தவுடன் நிறுத்திவிட வேண்டும். ஊதாவாக இருந்த நிறம் செங்கட்டி நிறமாக மாறியிருக்கும். அவர்கள் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்கள், மணப்பார்கள், நெடுநேரம் பேசுவார்கள். எந்த வருடம், எந்த ஆற்றங்கரை, எந்தச் சரிவு என்று பேச்சு போகும். ஒருமுறை, இந்தப் பக்கத்துக்கு வைன் வந்ததே ஹொட்டேல்களோடுதான் என்று மேசையில் கதை வந்தது. மேசை துடைக்கிறவன் அந்த இடத்தில் குறுக்கே பேசுவதில்லை. அங்கே சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் இந்தக் கரையைப் பற்றி. சார்ஜாவின் உள்நாட்டில் மலையடிவாரத்தில் உள்ள மிலெய்ஹாவில், கிரேக்கத் தீவான ரோட்ஸின் முத்திரை குத்திய சாடிக் கைபிடிகள் கிடைத்திருக்கின்றன. ரோட்ஸ் சாடி என்றால் வைன் சாடிதான். அவை கிறிஸ்துவுக்கு முந்திய நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. அடுத்து, கி.பி. முதலாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட பெரிப்ளூஸ் என்ற கிரேக்கக் கடல்வழி நூல். குடாவின் வாசலைத் தாண்டி ஒம்மானா என்றொரு துறை இருந்ததாக அது சொல்கிறது. அந்தத் துறை எது என்பதில் அறிஞர்களுக்குள் இன்னும் வழக்கு உண்டு. உம் அல் குவைனில் 1973இல் கண்டெடுக்கப்பட்ட எத்-தூர் என்பார் சிலர், திப்பா என்பார் சிலர், எதிரே ஈரான் கரையில் என்பார் வேறு சிலர். அங்கிருந்து முத்தும், ஊதாத் துணியும், வைனும், ஏராளம் பேரீச்சம்பழமும், பொன்னும், அடிமைகளும் இந்தியாவின் பருகச்சத்துக்கும் அரேபியாவுக்கும் போனதாக நூல் சொல்கிறது. அந்தப் பட்டியலை நாம் நின்று வாசிக்கவேண்டும். வைனும் அடிமையும் ஒரே பட்டியலில் சரக்காக நிற்கின்றன.

இனி நமது பக்கம். யவனர் கொண்டுவந்த மணமுள்ள தேறலைப் பொற்கிண்ணத்தில் வளையணிந்த பெண்கள் ஏந்திக் கொடுக்க நாளும் உண்டு மகிழ்ந்திரு என்று, பாண்டியன் நன்மாறனை நக்கீரர் வாழ்த்தும் பாட்டொன்று புறநானூற்றில் உண்டு. ஐம்பத்தாறாவது பாட்டு. யவனர் அதைக் கொண்டுவந்தது நல்ல கலத்தில் என்கிறார். கலம் என்றால் கப்பலும் ஆகும், சாடியும் ஆகும். 1945இல் மோர்ட்டிமர் வீலர் புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டைத் தோண்டி, உரோமச் சாடிகளின் உடைவுகளை அடுக்கடுக்காக எடுத்தபோது, பாட்டுக்கு மண் சாட்சி சொன்னது போலாயிற்று. அந்தச் சாடிகளைப் பின்னர் ஆராய்ந்த எலிசபெத் லைடிங் வில், அவற்றுள் கணிசமானவை கொஸ் தீவின் வைன் வந்த வகை என்று காட்டினார். கொஸ் வைனில் கடல் நீர் கலப்பார்கள். அதைத் தங்கள் தோட்டத்திலேயே செய்துகொள்ளும் முறையை உரோமரான கேட்டோ எழுதிவைத்திருக்கிறார். ஆக, அரசன் பொற்கிண்ணத்தில் குடித்தது கொஞ்சம் உப்புக் கரித்த வைனாகவும் இருந்திருக்கலாம்.

இவ்வளவையும் வைத்துக்கொண்டு, உரோமாபுரியின் வைன் தமிழகத்தில் ஆறாக ஓடியது என்று மேடைகளில் பேசக் கேட்டிருக்கிறோம். ஊரை விட்டு வந்தவர்களுக்குப் பழம்பெருமை ஒரு போர்வை போல. குளிருக்கு இழுத்து மூடிக்கொள்கிறோம். ஆனால் சான்று அவ்வளவு தூரம் வராது. அதே பெரிப்ளூஸ், பருகச்சத்துக்கு இத்தாலி வைனும் லவோதிக்கேயா வைனும் அரேபிய வைனும் போகும் என்று சொல்லிவிட்டு, முசிறிப் பக்கம் வரும்போது வைன் போகும், ஆனால் அதிகம் இல்லை என்று கணக்காகச் சொல்கிறது.

இன்னொரு திருத்தமும் வந்திருக்கிறது. உரோமச் சாடி என்று இந்திய அகழ்வு அறிக்கைகளில் எழுதிவைத்திருந்த ஓடுகளை ரொபேர்ட்டா ரொம்பர் என்ற ஆய்வாளர் திரும்ப எடுத்துப் பார்த்தார். அவற்றுள் பல உரோமச் சாடிகளே அல்ல என்று 2007இல் எழுதினார். அவை மெசொப்பொத்தேமியா, பாரசீகப் பக்கத்துச் சாடிகள். கைபிடியும் கழுத்தும் இல்லாமல் நீண்டு கீழே கூம்பி இருக்கும். உட்பக்கம் கசியாதிருக்க நிலக்கீல் பூசியிருக்கும். குடாவின் தலைப்பகுதியிலிருந்து, ஹோர்முஸ் நீரிணையால் வெளியே வந்து, இந்தப் புஜைராக் கடலைத் தாண்டித்தான் அவை கிழக்கே போயிருக்கவேண்டும். அநுராதபுரத்தில் கிடைத்த ஓடுகளின் நிலக்கீலை இரசாயனமாகச் சோதித்து, அது ஈரானின் சூசாப் பக்கத்து நிலக்கீலோடு ஒத்துப்போகிறது என்று 2008இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. காலம் கி.பி. மூன்றாம் நூற்றாண்டிலிருந்து ஒன்பதாம் நூற்றாண்டு வரை. அவற்றில் வந்தது எல்லாம் வைன் என்று அடித்துச் சொல்ல முடியாது. வேறு நீர்ப்பொருட்களும் வந்திருக்கலாம். ஆனால் எங்கள் கரைகளுக்குச் சாடி கொண்டுவந்த வழி உரோமரோடு முடியவில்லை, குடா வழியாக இன்னும் பல நூற்றாண்டு நீண்டது என்பது தெளிவு.

எங்கள் மாந்தையை நினைத்துப் பாருங்கள். திருக்கேதீச்சரத்துப் பக்கத்து அந்தப் பழந்துறையை 1980இலிருந்து ஜோன் கார்ஸ்வெல் குழுவினர் தோண்டினார்கள். 1984இல் யுத்தம் காரணமாக வேலை நின்றது. திரும்பவும் அங்கே மண் கிளறியது 2009க்குப் பிறகுதான். தோண்டி எடுத்ததன் முழு அறிக்கை 2013இல் நூலாக வந்தது. முப்பது வருடம் ஒரு துறைமுகத்தின் கதை பாதியில் நின்றது. எத்தனையோ பேருடைய படிப்பும் அப்படித்தான் நின்றது.

வைனைப் பழையதாக்கிக் குடிக்கும் ஆசையும் இந்த மேசையோடு பிறந்ததல்ல. உரோமருக்கு கி.மு. 121ஆம் ஆண்டு வைன் பெயர்பெற்றது. ஏறத்தாழ இருநூறு வருடம் கழித்து எழுதிய பிளினி, அது இப்போதும் இருக்கிறது, ஆனால் கசந்த தேன் போல இறுகிவிட்டது, தனியே குடிக்க முடியாது, மற்ற வைனுக்குச் சுவையூட்டவே கலக்கிறார்கள் என்கிறார். விலை மட்டும் ஏறிக்கொண்டே போனது. நம்மவர்களும் இதை அறியாதவர்கள் அல்லர். நிலத்தில் புதைத்து முதிரவைத்த மதுவைக் கபிலர் பாடுகிறார். நாள்பட்ட தேறலின் உறைப்பு தேள் கொட்டியது போல என்கிறார் ஔவையார். தேறல் என்ற சொல்லே தேறியது, தெளிந்தது என்பதுதான். மண்டியை அடியில் விட்டுத் தெளிவை மட்டும் வார்த்தெடுக்கும் அந்த வேலைக்கு, எங்கள் மொழியில் இரண்டாயிரம் வருடமாகப் பெயர் இருக்கிறது.

பிந்திய காலத்திலும் இந்தக் கடல் ஓய்ந்திருக்கவில்லை. 1507இல் போர்த்துக்கேயர் புஜைராவுக்குப் பக்கத்துக் கோர் பக்கானைத் தாக்கி எரித்தார்கள். நூறு வருடத்துக்குப் பிறகு அவர்களே யாழ்ப்பாணத்தையும் பிடித்தார்கள். அவர்களுடைய பீப்பா இன்றும் எங்கள் வாயில் பீப்பாதான். எங்கள் தவறணையும் அப்படிக் கடல் கடந்து வந்த சொல்தான். 17ஆம் நூற்றாண்டில் ஷிராஸ் வைன் கண்ணாடிப் போத்தல்களில், பெட்டிகளில் அடுக்கப்பட்டு, எதிர்க்கரைப் பந்தர் அப்பாஸிலிருந்து கப்பலேறியது. ஆங்கிலக் கம்பனிக்காரர் அதைச் சூரத்திலும் சென்னைக் கோட்டையிலும் குடித்தார்கள். அந்தக் கப்பல்களும் இந்தக் கரைக்கு முன்னால்தான் போயிருக்கும். ஷிராஸில் விற்பனைக்கு வைன் வடிப்பது 1979இன் புரட்சியோடு நின்றது.

இவ்வளவு வைனையும் சுமந்தவர்கள் யார்? நக்கீரர் பாட்டில் மன்னனுக்குப் பெயருண்டு. கிண்ணம் ஏந்திய பெண்களுக்கு இல்லை, வளையல் மட்டும் உண்டு. பெரிப்ளூஸில் துறைக்குப் பெயருண்டு. சாடி இறக்கியவனுக்கு இல்லை. ஆனால் ஒரே ஒருவன் தப்பி வந்திருக்கிறான். ஓமானின் தெற்கே, சாம்பிராணி ஏற்றுமதியான கோர் ரோரித் துறையில், 2006இல் இத்தாலிய அகழ்வாளர்கள் ஓர் உடைந்த மட்பாண்ட மூடியை எடுத்தார்கள். அதில் தமிழ் பிராமி எழுத்துக்கள். 2012இல் அதை ‘ணந்தை கீரன்’ என்று வாசித்தார்கள். காலம் கி.பி. முதலாம் நூற்றாண்டளவு. வணிகனோ, கப்பலாளோ, சமையற்காரனோ, சொல்வதற்கில்லை. புலவர் பெயரிலும் கீரன். அரபுக் கரையில் உடைந்த மூடியிலும் கீரன். ஒருவர் அரசனுடைய கிண்ணத்தைப் பாடினார். மற்றவர் தன் சட்டி மாறிப்போகாதபடி பெயரைக் கீறிவைத்தார். எனக்கு இரண்டாமவரிடம்தான் நெருக்கம் அதிகம். நாங்கள் ஆறு பேர் இருக்கும் அறையிலும் அவரவர் கோப்பையில் அவரவர் பெயர் எழுதியிருக்கிறது.

பெருமை பேசுவதற்காக இதை எழுதவில்லை. உரோமரோடு குடித்தோம் என்பதில் எங்களுக்கு ஒன்றும் கூடிவிடாது. ஆனால் இந்தக் குடாவுக்கு நாங்கள் நேற்று வந்தவர்கள் என்று யாரும் சொன்னால், அது சரியில்லை என்று சொல்லச் சான்று இருக்கிறது. அதை நாங்கள் கூட்டாமலும் குறைக்காமலும் வைத்திருக்கவேண்டும். இதை வாசிக்கிற யாராவது ஊருக்குப் போய், அநுராதபுரத்திலோ மன்னாரிலோ அப்படியான சாடி ஓடொன்றைக் காண நேர்ந்தால், அதன் வெளிப்பக்கத்தோடு நின்றுவிடாதீர்கள். உட்பக்கத்தையும் பாருங்கள். அங்கே கறுப்பாக நிலக்கீல் ஒட்டியிருந்தால், அது பெரும்பாலும் இந்தக் கடலால் வந்த சாடி.