ஐம்பது வருடத்துக்கு எழுதிக் கொடுத்த காடு

கடன் பத்திரத்தைப் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறவர்கள் எத்தனை பேர்? வங்கியில் இருபது வருடமாகக் குப்பை கொட்டும் அனுபவத்தில் சொல்கிறேன், நூற்றுக்கு ஐந்து பேர் இருந்தால் அதிகம். ஊரில் "எங்க சார் போடணும்?" என்பார்கள். இங்கே புனேயில் அதையே ஹிந்தியில் கேட்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். ஸ்வீடனின் வடபகுதியான நோர்லாந்தின் சரித்திரத்தைப் படித்தபோது இந்தக் கையெழுத்துகள்தான் ஞாபகத்துக்கு வந்தன.

நோர்லாந்து முழுக்க பைன், ஸ்ப்ரூஸ் காடு. கடுங்குளிரில் மரம் மெதுவாகத்தான் வளரும். வெட்டும் பருவத்துக்கு வரவே சுமார் நூறு வருடம் ஆகும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரிட்டன் மரத்துக்கான இறக்குமதி வரியைக் குறைத்தது. 1849-ல் சுண்ட்ஸ்வால் அருகே நீராவி மர அறுவை ஆலை வந்தது. பனிக்காலத்தில் மரத்தை வெட்டி, குதிரை பூட்டி இழுத்து, பனி உருகியதும் ஆற்றில் மிதக்கவிட்டால் கடலோர ஆலைக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

மரம் யாருடையது? பெரும்பகுதி விவசாயிகளுடையது. அரசு நிலம் பிரித்துக் கொடுத்ததில் அவர்களுக்குக் காடும் கிடைத்திருந்தது. விறகும் மேய்ச்சலும் தவிர அதற்கு வேறு மதிப்பு அவர்களுக்குத் தெரியாது. கம்பெனி ஆட்கள் பத்திரத்தோடு வந்தார்கள். நிலம் உங்களுடையது, மரம் வெட்டும் உரிமை மட்டும் எங்களுக்கு, 50 வருடம் வரை! ரொக்கத்தையே அபூர்வமாகப் பார்த்தவர்களுக்கு அந்தத் தொகை பெரிதாகத் தெரிந்தது. மர விலை ஏறியபோதுதான் புரிந்தது. பண்ணையையே விற்றுவிட்டு, அதே நிலத்தில் குத்தகைக்காரர் ஆனவர்களும் உண்டு.

சட்டம் நிதானமாகத்தான் வந்தது. 1889-ல் வெட்டும் உரிமை 20 வருடமாகக் குறைந்தது. 1903 சட்டப்படி, வெட்டியவர் மறுபடி காடு வளர வழி செய்தாக வேண்டும். 1906-ல் கம்பெனிகள் நோர்லாந்து விவசாயிகளின் நிலத்தை வாங்கத் தடை வந்தது. அதற்குள் ஏராளமான காடு கைமாறிவிட்டிருந்தது.

1903 சட்டத்தை எங்கள் பாஷையில் சொன்னால்: வட்டியைச் சாப்பிடு, முதலில் கை வைக்காதே. பலன் இருந்தது. 1920-களில் இருந்ததைப்போல் சுமார் இரண்டு மடங்கு மரம் இன்று ஸ்வீடன் காடுகளில் நிற்கிறது. ஆனால் அதில் பெரும்பகுதி ஒரே வயதில் வளர்க்கப்பட்ட மரம். பழைய காடு சுருங்கிவிட்டது. சாமி மக்களின் ரெயின்டீர் மான்கள் குளிர்காலத்தில் தின்னும் பாசியும் அதோடு குறைந்துவிட்டது.

பாஸ்புக்கில் பாக்கி கூடியிருக்கிறது. ஆனால் போட்ட பணம் வேறு, இருக்கிற பணம் வேறு. இதை எந்தத் தணிக்கையில் கண்டுபிடிப்பது, சொல்லுங்கள்?