ஒரு சன்னலைச் சுற்றி எழுந்த வீடு

1948 பிப்ரவரியில் லண்டன் மருத்துவமனை ஒன்றில் டேவிட் டாஸ்மா இறந்துபோனார். வயது நாற்பது. போலந்திலிருந்து வந்த யூதர்; உணவகத்தில் பரிமாறிப் பிழைத்தவர்; புற்றுநோய் அறுவைக்கு எட்டாத இடத்துக்குப் போயிருந்தது. கடைசி நாட்களில் அவரைத் தேடி வந்துகொண்டிருந்தவர் சிசிலி சாண்டர்ஸ். நர்ஸாக இருந்து, முதுகுவலியால் அதை விட்டு, மருத்துவமனைச் சமூகப் பணியாளரானவர்.

சாகப்போகிறவர் வலியில்லாமல், அவராகவே இருக்க ஓர் இடம் வேண்டும் என்று இருவரும் பேசிக்கொள்வார்கள். ஒருநாள், ஆறுதலாக ஏதாவது சொல் என்றார் டாஸ்மா. ஆழ்ந்த கிறிஸ்தவப் பற்றுள்ள சாண்டர்ஸ், யூதர்களுக்கும் உரிய 23ஆம் சங்கீதத்தை மனப்பாடமாகச் சொன்னார். இன்னும் வாசிக்கட்டுமா என்று கேட்டதற்கு, படிக்க வேண்டாம், உன் மனத்தில் உள்ளதைச் சொன்னால் போதும் என்றுவிட்டார். கடவுளை எப்போதோ விட்டிருந்த மனிதர் அவர். இறப்பதற்கு முன், தன் முன்னோரின் கடவுளோடு சமாதானமாகிவிட்டதாக வார்டு சிஸ்டரிடம் சொன்னார். தன்னைத் தேற்றியவளின் மதத்துக்கு அவர் போகவில்லை; தன் பாட்டன்மாரின் மதத்துக்கே திரும்பினார். இந்தக் கதையில் என்னை மிகவும் அசைப்பது இதுதான்.

தன்னிடம் இருந்த 500 பவுண்டை சாண்டர்ஸுக்கு எழுதிவைத்தார். நீ கட்டப்போகும் வீட்டில் நான் ஒரு சன்னலாக இருப்பேன் என்றும் சொல்லியிருந்தார்.

அந்த வீட்டைக் கட்ட 19 ஆண்டுகள் ஆயின. சாகிறவர்களை டாக்டர்கள்தான் கைவிடுகிறார்கள், நீ மருத்துவம் படி என்றார் ஓர் அறுவை நிபுணர். முப்பது வயதைத் தாண்டிப் படிக்கப் போய், 1957-இல் சாண்டர்ஸ் டாக்டரானார். வலி வந்தபின் ஊசி போடுவதே அன்றைய வழக்கம். நோயாளி கெஞ்சும்வரை காத்திருக்காமல், வேளை தவறாமல் மார்ஃபின் கொடுத்தால் வலி தலைதூக்காது என்பதை சாகிறவர்களுக்கான செயின்ட் லூக்ஸ் இல்லத்து நர்ஸுகளிடம் கண்டிருந்தார்; கன்னியாஸ்திரிகள் நடத்திய செயின்ட் ஜோசப்ஸ் இல்லத்தில் அதை முறைப்படுத்தினார். வலியைப் பற்றிக் கேட்டபோது ஒரு பெண், முதுகில் தொடங்கியது, இப்போது நான் முழுக்கவே சரியில்லை என்று சொல்லி, கணவனும் மகனும் வேலைக்குப் போக முடியாமல் பணம் இழப்பதையும் சேர்த்தே சொன்னாள். உடல், மனம், குடும்பம், நம்பிக்கை நான்கும் ஒரே வலி என்று சாண்டர்ஸ் 1960-களில் எழுதியது இப்படிப்பட்டவர்களைக் கேட்டுத்தான்.

1967-இல் தெற்கு லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பைஸ், சாகிறவர்களுக்கான அந்த வீடு, திறந்தது. கிறிஸ்தவ அடித்தளத்தில் எழுந்தாலும், எந்த மதத்தவரும், மதமே இல்லாதவரும் அங்கே வரலாம். வாசலருகே டாஸ்மாவின் சன்னல் இருக்கிறது.

அதே யோசனை இந்தியாவுக்கும் வந்தது: 1986-இல் மும்பையில் சாந்தி அவேத்னா சதன் என்ற ஹாஸ்பைஸ் வந்தது. 1993-இல் கோழிக்கோட்டில் வலி, ஆதரவுச் சிகிச்சைக்கான சங்கம் தொடங்கியபின் அந்த யோசனை வேறு வழியில் நடந்தது. சொந்த வீட்டில், சொந்த மக்கள் சூழ, தங்கள் முறைப்படி கண்மூட விரும்புகிறவர்கள் நம் பக்கத்தில் ஏராளம். அதனால் அங்கே கட்டடத்தை நம்பாமல், பயிற்சி பெற்ற அக்கம்பக்கத்தாரும் நர்ஸும் நோயாளியின் வீட்டுக்கே போகிறார்கள்.