சரக்கின் இழப்பு யாரைச் சேரும்? கடல் வணிகமும் ஃபிக்ஹும்

2021 மார்ச் 23ஆம் நாள் ‘எவர் கிவன்’ என்னும் சரக்குக் கப்பல் சூயஸ் கால்வாயின் குறுக்கே சிக்கி, ஆறு நாட்கள் வழியை அடைத்து நின்றதை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். நானூறு மீட்டர் நீளமுள்ள அக்கப்பலில் பதினெட்டாயிரத்துக்கும் மேற்பட்ட கன்டெய்னர்கள் இருந்தன. கப்பல் மீட்கப்பட்ட பின் நிகழ்ந்த ஒன்று அவ்வளவாகப் பேசப்படவில்லை. ஏப்ரல் தொடக்கத்தில் கப்பலின் உடைமையாளர்கள் ‘ஜெனரல் ஆவரேஜ்’ அறிவித்தனர். மீட்புச் செலவைக் கப்பல்காரர் மட்டுமன்றி, அதில் சரக்கு ஏற்றிய ஒவ்வொருவரும் தத்தம் சரக்கின் மதிப்புக்கேற்பப் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பது அதன் பொருள். ஒரு பெட்டகத்தில் சில மேசை நாற்காலிகளை ஏற்றியிருந்த சிறு வியாபாரியும் இதற்கு விலக்கல்லர்.

‘ஆவரேஜ்’ என்றால் சராசரி என்றே நாம் அறிவோம். அச்சொல்லின் முதற்பொருள் கடலில் நேர்ந்த சேதம். பழுது, குறை எனப் பொருள்படும் ‘அவார்’ என்ற அரபுச் சொல் இத்தாலியத் துறைமுகங்களில் ‘அவாரியா’ ஆகி, பின்னர் ஆங்கிலத்துக்குச் சென்றது என்பதே சொல்லாய்வாளர் பெரும்பாலோரின் கருத்து. ‘மௌசிம்’ மான்சூன் ஆனதும், கிடங்கைக் குறிக்கும் ‘மக்ஸன்’ மகஸின் ஆனதும் இதே வழியில்தான். தாங்கள் கையில் வைத்திருக்கும் இந்த ஏட்டுக்கும் ஆங்கிலத்தில் அப்பெயரே வழங்குகிறது!

சொல் அரபு என்பதற்காகச் சட்டமும் முஸ்லிம்களின் கண்டுபிடிப்பே என்று உரிமை கொண்டாடுவது வரலாற்றுக்குச் செய்யும் நீதியாகாது. கப்பலைக் காக்கக் கடலில் எறியப்பட்ட சரக்கின் இழப்பை எல்லாரும் பகிர வேண்டும் என்னும் விதி ரோட்ஸ் தீவினரின் பெயரால் ரோமச் சட்டத்தில் இடம்பெற்று, ஆறாம் நூற்றாண்டில் ஜஸ்டீனியனின் தொகுப்பிலும் ஏறியது. முஸ்லிம் சட்ட அறிஞர்கள் அக்கேள்வியைத் தங்கள் அடிப்படைகளிலிருந்து மீண்டும் ஆராய்ந்தனர். விடைகள் ஒன்றாக அமையவில்லை. தப்பிய சரக்கின் உடைமையாளர்கள் மதிப்பின்படி இழப்பில் பங்கேற்க வேண்டும் என்றனர் மாலிக்கீ அறிஞர்கள். பிறர் பொருளை அனுமதியின்றி எறிந்தவரே அதற்கு ஈடு செய்ய வேண்டும் என்பது ஷாஃபிஈ மத்ஹபின் நிலை. பத்தாம் நூற்றாண்டளவில் தொகுக்கப்பட்ட ‘கிதாபு அக்ரியதிஸ் ஸுஃபுன்’ என்னும் நூல் கப்பல் வாடகையையும் இத்தகைய இழப்புகளையும் பற்றி மட்டுமே பேசுகிறது. கடல் வணிகத்துக்கென ஒரு தனி நூலே தேவைப்பட்ட சமுதாயம் அது.

கப்பல் பாதிவழியில் மூழ்கினால் வாடகை உண்டா? கைரவானின் இமாம் ஸஹ்னூன் (மறைவு கி.பி. 854) தொகுத்த ‘அல்முதவ்வனா’வில் இக்கேள்வி எழுகிறது. கப்பல் வாடகை சென்றடைவதற்கே உரியது, சரக்கு சேராவிடில் கூலியில்லை என்பது இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் கருத்து. கடந்த தொலைவுக்குரிய பங்கேனும் தரவேண்டும் என்றார் அவர்தம் மாணவர் இப்னு நாஃபிஉ. சரக்குக்காரர் பொருளை இழந்த நிலையில் கூலியையும் இழப்பதா, கப்பல்காரர் கப்பலை இழந்த நிலையில் உழைப்பையும் இழப்பதா என்பதே இங்கு வழக்கு. இரு பக்கமும் கண்ணீர் உண்டு என்பதை இரு அறிஞர்களும் உணர்ந்திருந்தனர்.

இவை ஏட்டளவில் நின்ற சர்ச்சைகள் அல்ல. இந்தியாவின் மிளகு ஏடன் வழியாகச் செங்கடலின் மேற்குக் கரையிலிருந்த அய்தாபை அடைந்து, பாலைவனத்தை ஒட்டகங்களில் கடந்து, நைல் நதிவழியே பழைய கெய்ரோவான ஃபுஸ்தாத்தைச் சேர்ந்தது. 1183இல் அவ்வழியே சென்ற இப்னு ஜுபைர், எதிர்ப்பட்ட வணிகக் கூட்டங்களை எண்ண முயன்று கைவிட்டதாக எழுதுகிறார். ஒட்டகங்கள் களைத்துப்போனதால் பாதையோரம் இறக்கிவைக்கப்பட்ட மிளகு மூட்டைகள் காவலின்றிக் கிடந்ததையும், உரியவர் வந்து எடுக்கும்வரை எவரும் தொடாததையும் அவர் வியப்புடன் குறிக்கிறார். அவருக்கு ஒரு நூற்றாண்டுக்கு முன், 1050இல், காற்றுக்காக அய்தாபில் மூன்று மாதம் காத்திருந்தார் நாஸிர் குஸ்ரூ. கையில் காசு தீர்ந்துவிட்டது. அஸ்வானிலிருந்த ஒரு நண்பர் அய்தாபிலுள்ள தம் வகீலுக்கு எழுதிய கடிதமே அவரைக் காத்தது. கேட்டதைக் கொடுத்துக் கணக்கில் எழுதிக்கொள் என்பது அதன் சாரம். அவர் பெற்றது நூறு ‘மன்’ மாவு.

மூன்று மாதத் தாமதம் அன்று விபத்தாகக் கருதப்படவில்லை. அது கணக்கிலேயே இருந்தது. ஃபுஸ்தாத்தின் யூதக் கோவிலில் கிடைத்த ‘கெனிஸா’ கடிதங்கள், வணிகர்கள் தம் சரக்கைப் பல கப்பல்களில் பிரித்தனுப்பியதைக் காட்டுகின்றன. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இவ்வெச்சரிக்கை வீண்செலவாகத் தோன்றலாயிற்று. டொயோட்டா நிறுவனம் வளர்த்தெடுத்த முறைப்படி, தேவையான பொருள் தேவையான வேளையில் மட்டும் வந்தால் போதும். கிடங்கு என்பதே முடங்கிய பணம். இம்முறை உலகெங்கும் பரவியது. மலிவும் வேகமும் கிட்டின. தாமதத்துக்கான இடம் கணக்கிலிருந்து மறைந்தது.

தாமதம் வந்தபோது அதன் சுமை சங்கிலியின் கடைசிக் கண்ணியில் இறங்கியது. 2020 மார்ச்சில் கொரோனா காரணமாக மேலைநாட்டுக் கடைகள் மூடப்பட்டவுடன், வங்கதேசத்தில் சுமார் 300 கோடி டாலர் மதிப்புள்ள ஆடை ஆர்டர்கள் ரத்தாயின அல்லது நிறுத்திவைக்கப்பட்டன. தைத்து முடித்தவையும் அவற்றில் இருந்தன. துணி வாங்கிய கடன் தொழிற்சாலையின் தலையில் நின்றது. தையல் பெண்கள் கூலியின்றி ஊர் திரும்பினர். கண்டனங்கள் எழுந்த பின்னரே சில நிறுவனங்கள் பணம் தர இசைந்தன.

இவ்விடத்தில் அரபுக் கல்லூரி மாணவர் ஓதும் ‘இஸ்திஸ்னாஉ’ பாடம் நினைவுக்கு வருகிறது. செய்துதரச் சொல்லி ஒப்பந்தமிட்ட பொருளைக் கண்டபின் வாங்க மறுக்கும் உரிமையை இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் வாங்குபவருக்கு அளித்தார்கள். சொன்னபடி செய்யப்பட்டிருந்தால் மறுக்க முடியாது என்றார்கள் அவர்தம் மாணவர் இமாம் அபூயூசுஃப் (ரஹ்). பத்தொன்பதாம் நூற்றாண்டில் உதுமானியரின் ‘மஜல்லா’ சட்டத் தொகுப்பினர் 392ஆம் பிரிவில் அபூயூசுஃபின் வழியில் நின்று, இருதரப்பும் பின்வாங்கக் கூடாது என விதித்தனர். பீரங்கிகளும் நீராவிக் கப்பல்களும் ஒப்பந்தத்தின் பேரில் செய்யப்படும் காலம் இது என்பதை அவர்களே காரணமாகக் காட்டினர். 1992இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச ஃபிக்ஹு அகாடமியும் இவ்வொப்பந்தம் இருதரப்பையும் கட்டுப்படுத்தும் என்றே தீர்மானித்தது. ஷாஃபிஈக்களாகிய நம் கடற்கரை ஊராருக்கு இஸ்திஸ்னாஉ தனி ஒப்பந்தமன்று. ‘ஸலம்’ வழியே கூடும். அதில் முழு விலையும் ஒப்பந்த அமர்விலேயே கொடுபட வேண்டும். அவ்விதி இருந்திருப்பின் டாக்காவின் தொழிற்சாலை கடன்பட்டுத் துணி வாங்க நேர்ந்திராது.

2023 நவம்பர் முதல் பாபுல் மந்தபில் கப்பல்கள் தாக்கப்பட்டன. சூயஸைக் கடந்த கப்பல்களின் எண்ணிக்கை 2024இல் ஏறத்தாழப் பாதியாகியது. பல கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிச் சென்றன. இதன் பின்னர் கையிருப்பைப் பெருக்குதல், ஒரே நாட்டை நம்பாது பல நாடுகளில் வாங்குதல் ஆகியன எதிர்காலத்தின் வழிகளாகப் பேசப்படுகின்றன. நோக்கில் இவை ஏடன் வணிகர்கள் அறிந்தவையே. ஆனால், கூடுதல் கையிருப்பை யார் செலவில் வைப்பது? 2011 நிலநடுக்கத்துக்குப் பின் டொயோட்டா தனக்குச் சிப்புகள் வழங்குவோரைச் சில மாதத் தேவைக்கான இருப்பு வைக்கச் சொன்னது. அச்சுமைக்கு ஈடாக, ஆண்டுதோறும் அவர்களிடம் கேட்டுப் பெறும் விலைக்குறைப்பில் ஒரு பகுதியை அவர்களுக்கே திருப்பித் தந்தது. 2021இல் சிப்புப் பற்றாக்குறை தொடங்கியபோது, மற்றவர்களின் கார் ஆலைகள் நின்ற மாதங்களில் அதன் ஆலைகள் ஓடிக்கொண்டிருந்தன.