ஆழ்வார் போட்ட வரிசை

பூந்தமல்லியைத் தாண்டி பெங்களூரு நெடுஞ்சாலையில் மேற்கே போனால் சிறிது தூரத்திலேயே திருமழிசை. இன்று தொழிற்பேட்டையால் பெயர் தெரிந்த ஊர். பன்னிரு ஆழ்வார்களில் ஒருவரான திருமழிசையாழ்வார் பிறந்த ஊரும் இதுதான். அவர் பாடியவை இரண்டு: 96 வெண்பாக்களாலான நான்முகன் திருவந்தாதி, 120 பாடல்கள் கொண்ட திருச்சந்தவிருத்தம். அந்தாதியின் ஆறாம் வெண்பாவில், மாலைப் போற்றாதவர்கள் என்று மூன்று கூட்டத்தாரை அவர் ஒரே மூச்சில் ஒதுக்கித் தள்ளுகிறார். முதலில் சமணர், அடுத்துப் பௌத்தர், மூன்றாவதாகச் சைவர். பௌத்தத்தைப் பிற சமயங்களோடு ஒப்பிடும்போது நாம் வழக்கமாகப் போடும் கோடு ஒன்று உண்டு: வேதத்தை ஏற்ற சைவமும் வைணவமும் ஒரு பக்கம், அதை மறுத்த சமணமும் பௌத்தமும் மறுபக்கம். தொண்டை நாட்டு ஆழ்வாரின் வரிசையில் அந்தக் கோடு இல்லை. தமிழில் எழுதப்பட்ட பழைய வாத நூல்களிலும் அது பிரதானமான கோடு அன்று என்பதே இந்த வாரக் கட்டுரையின் வாதம்.

பக்தர் ஒருவர் கோபத்தில் சொன்னதை ஒப்பாய்வு என்று கொள்ளலாமா என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. ஆனால் வைணவ குருபரம்பரைக் கதைகள் இதே ஆழ்வாரைப் பற்றி என்ன சொல்கின்றன? அவர் முதலில் சமணம், சாக்கியம், சைவம் ஆகியவற்றுக்குள் புகுந்து கற்றுத் தேர்ந்தார். பிறகே பேயாழ்வாரால் திருமால் வழிக்கு வந்தார் என்கின்றன. ஆழ்வாருக்குப் பல நூற்றாண்டு பிந்திய கதைகள் அவை. வாழ்க்கை வரலாறாக அவற்றை நம்பவேண்டியதில்லை. அந்த வெண்பாவை விரித்தே கதை பிறந்திருக்கவும் கூடும். என்றாலும், ஒரு மகானைப் பௌத்தம் படிக்க அனுப்புவதில் கதை சொன்ன வைணவருக்குக் கூச்சம் இல்லை. சமயம் என்பது பிறப்போடு ஒட்டி வருவது மட்டுமன்று, கற்று, எடைபோட்டு, விட்டுவிடக்கூடியது என்ற எண்ணம் அவருக்கு இயல்பாக இருந்திருக்கிறது. மணிமேகலை காப்பியத்தின் 27ஆம் காதையும் இதே முறையில்தான் அமைந்தது. வஞ்சி நகரில் மணிமேகலை அளவைவாதி, சைவவாதி, பிரமவாதி, வைணவவாதி, வேதவாதி, ஆசீவகன், நிகண்டவாதி, சாங்கியன், வைசேடிகன், பூதவாதி என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே போகிறாள். சைவமும் வைணவமும் வேதமும் அங்கே மூன்று தனிக் கட்சிகள்.

அப்படியானால் 'சமண பௌத்தம்' என்ற இரட்டைச் சொல் எங்கிருந்து வந்தது? பெரும்பங்கு தேவாரத்துக்கு உரியது. சம்பந்தர் தம் பதிகங்களின் பத்தாம் பாட்டில் பெரும்பாலும் இந்த இருவரையும் சேர்த்தே சாடுகிறார். வெளியே நின்று பார்த்தவருக்கு இருவரும் ஒன்று. அந்த இருவருக்குள் என்ன நடந்தது என்பதற்குச் சாட்சி நீலகேசி. பௌத்தக் காப்பியமான குண்டலகேசிக்கு மறுப்பாக எழுந்த சமண நூல் இது. பத்துச் சருக்கங்களில் முதலாவது அறவுரை. எஞ்சிய ஒன்பதும் வாதங்கள். அந்த ஒன்பதில் நான்கு பௌத்தரோடு: குண்டலகேசி, அருக்கசந்திரன், மொக்கலன், கடைசியில் புத்தரே. வேதத்துக்கு ஒதுக்கியது ஒரே ஒரு சருக்கம். இருவரும் வேத வேள்வியை மறுத்தவர்கள். படைத்தவன் ஒருவன் உண்டு என்பதையும் ஏற்காதவர்கள். அப்படியிருந்தும் தமிழில் பௌத்தத்தின் மீது இவ்வளவு விரிவாகப் பாய்ந்தது சமணம்தான்.

சண்டை எதைப் பற்றியது? புலால் உண்பது ஒன்று. பௌத்தத் துறவி தாம் கொல்லாத, தமக்காகக் கொல்லப்படாத ஊனைப் பிச்சையில் ஏற்கலாம் என்பார். உண்பவன் இருப்பதால்தான் கொல்பவன் இருக்கிறான் என்று சமணர் மடக்குவார். ஆனால் அடியில் கிடப்பது உயிர்க் கொள்கை. எல்லாம் கணத்துக்குக் கணம் அழிவது, நிலைத்த ஆன்மா என்று ஒன்று இல்லை என்றால், நேற்று வினை செய்தவன் வேறு, இன்று பயனை நுகர்பவன் வேறு என்றாகும். பிறகு தவம் யாருக்காக? பௌத்தரிடம் இதற்குப் பதில் இல்லாமல் இல்லை. இரவெல்லாம் எரியும் விளக்கில் முதல் யாமத்துச் சுடரும் கடைசி யாமத்துச் சுடரும் ஒன்றும் அல்ல, வேறும் அல்ல என்று மிலிந்த பஞ்ஞா என்ற பௌத்த நூலின் காலத்திலிருந்தே சொல்லிவந்தார்கள். மணிமேகலையின் 30ஆம் காதையில் பௌத்தத் துறவி அறவண அடிகள் பேதைமையில் தொடங்கும் பன்னிரு சார்புகளை விளக்குவதும் இதற்கே. ஆள் இல்லாமலே வினைத்தொடர் ஓடும் விதம் அது. இந்தக் கேள்வியில் சைவரும் வைணவரும் சமணர் பக்கமே நிற்கிறார்கள். நிலைத்த உயிர் அவர்கள் அனைவருக்கும் வேண்டும். பூதவாதி உயிரை மறுத்தான், கூடவே மறுபிறப்பையும் மறுத்தான். வினையையும் மறுபிறப்பையும் வைத்துக்கொண்டு, அவற்றைச் சுமக்கும் ஆளை மட்டும் நீக்கியது பௌத்தம் ஒன்றுதான். பிற சமயங்களிலிருந்து அதைப் பிரிக்கும் கோடு இங்கேதான் விழுகிறது என்பது என் துணிபு.

விகாரைக்கு அரிசி கொண்டுபோன மக்களுக்கு இந்த நுட்பம் எதற்கு என்ற மறுப்பில் பாதி உண்மை இருக்கிறது. அன்றாட வழிபாட்டில் வேறுபாடு மெலிந்துதான் இருந்திருக்கும்; மணிமேகலையிலேயே கடல் தெய்வமும் இந்திரனும் தாராளமாக நடமாடுகிறார்கள். ஆகவே வாதத்தில் தோற்றதால்தான் பௌத்தம் மறைந்தது என்று நான் சொல்ல வரவில்லை. ஏழாம் நூற்றாண்டில் யுவான் சுவாங் காஞ்சிப் பகுதியில் நூற்றுக்கு மேற்பட்ட விகாரைகளும் பதினாயிரம் துறவிகளும் இருந்ததாக எழுதினார். துறவியும் விகாரையும் அரசும் வணிகரும் சேர்ந்து தாங்கிய அமைப்பு அது. அந்தத் தாங்கல் விலகியதும் தளர்ந்தது. சமணமோ இல்லறத்தாருக்கும் தனி விரதங்கள் வகுத்துக் குடும்பங்களுக்குள் இறங்கியிருந்தது. வந்தவாசி, திண்டிவனம் பக்கத்துத் தமிழ்ச் சமணர்கள் இன்றும் இருக்கிறார்கள். அப்படித் தொடர்ச்சி அறாமல் வந்த பௌத்தக் குடிகள் தமிழகத்தில் இல்லை. அயோத்திதாசர் 1898இல் சாக்கிய பௌத்த சங்கத்தைப் புதிதாகவே தொடங்க வேண்டியிருந்தது.

ஆனாலும் கேள்வி ஓயவில்லை. 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியார் பரபக்கம் எழுதியபோது தொண்டை நாட்டில் பௌத்தம் பெரிதும் ஒடுங்கிவிட்டது. அவர் மறுக்க எடுத்த மதங்கள் 14. ஆழ்வார் சைவரை ஒதுக்கியதைப்போல, இவர் பட்டியலில் வைணவப் பாஞ்சராத்திரமும் உண்டு. பௌத்தத்தை ஒன்றாகச் சேர்க்க அவருக்கு மனம் வரவில்லை. சௌத்திராந்திகன், யோகாசாரன், மாத்தியமிகன், வைபாடிகன் என நான்காகப் பிரித்து, ஒவ்வொருவருக்கும் தனித்தனியே பதில் எழுதினார்.